ஆள் இல்லாத நேரத்துக் குரல்

பழைய எட்டு முழ வேட்டியின் கரையைப் பல்லால் கடித்து ஒரு கிழி கொடுத்தார் குற்றாலிங்கம். மீதி தானாகவே நேராகக் கிழிந்தது. தாலுகா ஆபீசில் ஃபைல் கட்டியே தலை நரைத்தவர். விடியற்காலையில் செத்துப்போன மைத்துனனின் தாடைக்கு அடியில் துணியைக் கொடுத்து, இரண்டு காதையும் ஒட்டி மேலே கொண்டுபோய் உச்சியில் முடிச்சுப் போட்டார். அடுத்தாற்போல் நெற்றியில் ஒரு நம்பரும் எழுதிவிடுவார் போலிருந்தது.

"இன்னும் கொஞ்சம் இறுக்கணுமாட்டி?"

"போதும். வலிக்கப் போவுது" என்றாள் அவர் மனைவி நெல்லையம்மாள்.

அவர் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தினார்.

சுயம்புலிங்கத்தின் வாயைக் கட்ட வேண்டும் என்று சங்கரன்கோவிலில் ஆசைப்பட்டவர்கள் அநேகம். அவர்களில் பலர் இந்நேரம் பல் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். எட்டு மணிக்கு மாலையோடு வந்து, எப்பேர்ப்பட்ட பிறவி என்பார்கள்.

ஆறு வயது வரை சுயம்பு பேசவில்லை. பெரியப்பா 'மந்தம்' என்றார். தெருவில் 'ஊமை' என்றார்கள். ஒருநாள் மாமா ஒருவர் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போனார். வண்டி தெருமுனை தாண்டியதும் பிள்ளை வாயைத் திறந்தது. "கத்திரிக்காக் கூட்டுல உப்பக் கொட்டி வச்சிருக்கா. இவளக் கெட்டிட்டு அவன் என்ன பாடு படுதானோ!" மாமா கைகழுவும் இடத்தில் தன் மனைவியிடம் முணுமுணுத்தது. மாமாவின் குரல், கடைசியில் வந்த ஏப்பம் உட்பட. பிள்ளைக்குப் பேச்சு வந்ததற்குச் சந்தோஷப்படுவதா, அண்ணனோடு சண்டைக்குப் போவதா என்று தெரியாமல் அம்மா காந்திமதியம்மாள் அடுத்தடுத்து இரண்டையும் செய்தாள்.

அதற்குப் பிறகு அவன் பேசினதெல்லாம் அடுத்தவர் பேச்சுத்தான். ஒரு தடவை காதில் விழுந்தால் போதும். எத்தனை வருஷம் கழித்தும் சொல் மாறாமல், இருமல் மாறாமல் வரும். பசித்தால் பசிக்கிறது என்று சொல்லத் தெரியாது. தட்டைத் தட்டுவான். 'ஊமை' போய்ப் பைத்தியக்காரக் 'கோட்டி' ஆனான். பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் தேவாரம் ஒன்றை ஒருமுறை சொல்லிக் காட்டி, அதை அப்படியே திரும்பக் கேட்டுவிட்டு, கண் கலங்கி, "இவன் ஏகசந்தக்கிராகி!" என்றார். அடுத்த வாரம் அவர் வெளியே போன சமயத்தில், தலைமையாசிரியரைப் பற்றி அவர் சொன்ன அபிப்பிராயம் அவர் குரலிலேயே வகுப்பில் கேட்டது. ஏகசந்தக்கிராகியைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

சுயம்புவிடம் ஒரு வழக்கம் இருந்தது. அதை நெல்லையம்மாள்தான் முதலில் கண்டுபிடித்தாள். ஆள் எதிரில் இருக்கும்போது அந்த ஆளின் குரலை அவன் எடுக்கவே மாட்டான். போன பிறகுதான். ஆகவே ஊரில் எல்லாரும் அடுத்தவர் குரலைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தன் குரலை மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. குற்றாலிங்கம் ஆபீசுக்குக் கிளம்பினதும் அவருடைய பேச்சு உள்ளறையான அரங்கிலிருந்து வரும்: "சட்டையில பொத்தான் போச்சே, இந்த வீட்ல கேக்க நாதியில்ல." நெல்லையம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். சாயங்காலம் அவர் வந்து, "இன்னைக்கு யாரப் பேசினான்?" என்பார். "யாரையுமில்ல" என்பாள்.

அந்தி மசங்கும்போது தினமும் அம்மா பேசுவாள். செத்த மறுநாளே வந்துவிட்டாள். "ஏட்டி நெல்ல, வெளக்கு ஏத்தியாச்சா?" அதே இழுவை, அதே நம்பிக்கையில்லாத தொனி. "ஏத்திட்டேம்மா" என்று இங்கிருந்து பதில் போகும். இருபது வருஷத்துக்கு மேலாக ஒருநாள்கூட இந்தப் பேச்சு விட்டுப்போனதில்லை.

எல்லாக் குரலும் இருந்தது அவனிடம். அவன் குரல் எது என்று மட்டும் தெரியாது. 'அக்கா' என்று அவன் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

இப்போது அவள் நினைப்பெல்லாம் அதில்கூட இல்லை. நேற்றுச் சாயங்காலம் கேட்ட குரலில் இருந்தது.

பத்து நாளாகக் காய்ச்சல். அரங்கிலேதான் கிடந்தான், நல்ல நாளிலேயே ஜன்னலில்லாத அந்த உள்ளறையை விட்டு வர மாட்டான். பின்சுவரில் உயரத்தில் கையகல ஓட்டை ஒன்று, அதுதான் வெளிச்சம். கஞ்சி ஆற்றி எடுத்துவர அவள் அடுக்களைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது காற்றுக்குக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரு பெண்பிள்ளை பேசினாள்.

"அழாத ராசா. நான் எங்கயும் போவ மாட்டேன். இன்னா, விரலப் பிடிச்சுக்கோ."

பதினாறு, பதினேழு வயசுக் குரல். யாருக்கோ பயந்து தணித்துச் சொன்னது. நடுவில் ஒரு மூச்சு வாங்கல். தெருப்பிள்ளை யாரும் உள்ளே போய்விட்டதோ என்று நெல்லையம்மாள் தோளால் கதவைத் தள்ளினாள். சுயம்பு மட்டும் கிடந்தான், முகம் அவள் பக்கம் திரும்பி. பேச்சு நின்றுவிட்டது. அப்புறம் விடியற்காலையில் மூச்சு நிற்கும் வரை அவன் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

யார் அவள்?

அவனிடமிருந்த குரல்களெல்லாம் நெல்லையம்மாளுக்கு அத்துப்படி. இது அதில் இல்லை. கல்யாணமாகி அவள் ராயகிரியில் இருந்த வருஷங்களில் யாரோ ஒருத்தி இந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவனை ராசா என்று கூப்பிட்டிருக்கிறாள். போக மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். சாகிற நேரத்தில் அவன் தேடியது அவளைத்தான். மூத்திரத் துணி அலசின அக்காவை இல்லை.

தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெல்லையம்மாளுக்கு அழுகை வரவில்லை. பொறாமை வந்தது. அந்தப் பிள்ளை எங்கேயோ உயிரோடிருந்தால் இன்றைக்குச் சேதி சொல்ல வேண்டாமா என்றும் இருந்தது.

"உங்களத்தான். ராசான்னு அவனக் கூப்பிடுத மாதிரி யாரு இருந்தா நம்ம வீட்டுல?"

குற்றாலிங்கம் மீதித் துணியால் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். "ராசாவா? இவனயா? காப்பியக் குடிச்சியா நீ?" என்றார்.

---

எட்டு மணிக்கு எதிர்பார்த்தபடியே கோமதிநாயகம் வந்தார். பக்த சபைத் தலைவர். ராஜபாளையம் ரோட்டில் லாட்ஜ் வைத்திருக்கிறவர். நாலு முழ மாலை ஒன்று, சபை ஆட்கள் இரண்டு பேர், ஈரம் காயாத போஸ்டர்க் கட்டு ஒன்று. கட்டைப் பிரித்துக் குற்றாலிங்கத்திடம் காட்டினார். 'சித்தர் சுயம்புலிங்க சுவாமிகள் பரிபூரணம்.' கீழே கோமதிநாயகம் பெயர் அதைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில் இருந்தது.

"காலைல அஞ்சு மணிக்குல்லா அண்ணாச்சி போனான்? அதுக்குள்ள எப்படி அச்சடிச்சீக?" என்று கேட்டார் குற்றாலிங்கம்.

"சீரியஸா இருக்காருன்னு கேள்விப்பட்டேன். ஒரு முன்யோசனதான்."

கோமதிநாயகம் சுயம்புவைச் சித்தராகக் கண்டுகொண்டது நாலைந்து வருஷத்துக்கு முன்னால். செத்தவர்கள் அவன் வாயில் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அறநிலையத்துறை அதிகாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார், காலமான தன் தகப்பனாரின் ஆசியை அவர் முன்னால் வாங்க. தாம்பாளத்தில் பழம், வெற்றிலை எல்லாம் இருந்தது. சுயம்பு கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தான். பிறகு பெரியவரின் கரகரத்த குரல் வந்தது. "ஏலே, இந்தக் கோமதிப் பயலுக்குக் கோவணம் ஒழுங்காக் கெட்டத் தெரியல. இவன நம்பிக் கடைய விட்டா, ரெண்டு மாசத்துல துண்டப் போட்டுட்டுப் போவணும்." அதிகாரி மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கோமதிநாயகம் அசரவில்லை. சித்தர்கள் பரிபாஷையில்தான் பேசுவார்கள், கோவணம் என்றது ஆசையடக்கத்தை என்று வெளியே வந்து விளக்கம் சொன்னார்.

"விசயம் என்னன்னா வே," என்று குற்றாலிங்கத்தின் தோளில் கை போட்டார். "சித்தர எரிக்கப்பிடாது. உக்கார வச்சு சமாதி வைக்கணும். எடம் நான் தாரேன்."

"எங்கன அண்ணாச்சி?"

"நம்ம லாட்ஜுக்குப் பக்கத்து மனை."

"லாட்ஜுக்குப் பக்கத்துலயா?"

"வார பக்தர்களுக்கும் வசதியா இருக்கும்லா?" என்றவர், குரலைத் தணித்தார். "யோசிச்சு நிக்க நேரமில்ல. வெறைச்சுட்டா உக்கார வைக்க முடியாது, பாத்துக்கிடும்."

குற்றாலிங்கம் யோசித்தார். கோட்டிக்காரனின் மச்சான் என்று இத்தனை காலம் ஆபீசில் பெயர். ரிட்டயராகப்போகிற நேரத்தில் சித்தரின் மச்சானாகிவிடலாம். அவர் முகத்தில் அது ஓடுவதைத் தூணோரம் நின்ற நெல்லையம்மாள் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. பாவமாகக்கூட இருந்தது.

வேலைக்கு வந்த பேச்சி கொல்லையில் பாத்திரங்களை எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா காலத்திலிருந்தே இந்த வீட்டில் இருப்பவள். நெல்லையம்மாள் அவளைத் தனியே இழுத்தாள்.

"ஏ பேச்சி, நீ சின்னப் பிள்ளையா இருக்கையில தம்பிய ராசான்னு கூப்பிட்டியா?"

"ராசாவா? எனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு?" என்று சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அது பக்கத்துல போவவே பயந்துல்லா சாவேன். நான் எங்காத்தாள வஞ்சதயெல்லாம் எங்காத்தாகிட்டயே சொல்லிட்டே. அன்னைக்கி வாங்குன அடி!"

"வேற யாரும் பொம்பளப்பிள்ள வந்து போச்சா? நான் ராயகிரில இருக்கையில?"

"கோட்டி இருக்க வீட்டுக்கு யாரு மதினி பொம்பளப்பிள்ளய அனுப்புவா?"

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. துக்கத்துக்கு வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அழுகையைக் கேட்கவில்லை, குரலைக் கேட்டாள். அத்தை மகள், அடுத்த தெரு டீச்சர், வாசுதேவநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்த சித்தி மகள். முப்பது வருஷத்தைக் கழித்தால் இந்தத் தொண்டை எப்படி இருக்கும்? ஒருத்தியும் ஒத்துவரவில்லை.

பத்து மணி சுமாருக்கு டாக்டர் சண்முகையா காரில் வந்து இறங்கினார். பாளையங்கோட்டையில் மனநல டாக்டர். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டேப்ரெக்கார்டரோடு வந்து மூன்று நாள் சுயம்பு எதிரில் உட்கார்ந்திருந்தார். கடைசியில், இதற்கு மெடிக்கல் பெயர் 'இடியட் சாவன்ட்' என்றார். முதல் வார்த்தை குற்றாலிங்கத்துக்குத் தெரியும். தாசில்தார் தினமும் சொல்வது. இரண்டாவதுக்கு அர்த்தம் கேட்டார். பிரெஞ்சில் அறிவாளி என்றார் டாக்டர்.

"முட்டாள் அறிவாளியா? ஒரே ஆளு எப்படி டாக்டர் ரெண்டாவும் இருப்பான்?" என்று நெல்லையம்மாள் அப்போது கேட்டாள். டாக்டர் அதைத் தன் கட்டுரையில் ஒரு நல்ல கேள்வியாகச் சேர்த்துக்கொண்டார். யார் கேட்டது என்று போடவில்லை. மெட்ராஸ் மாநாட்டில் அந்தக் கட்டுரைக்கு நல்ல கைதட்டல் என்று பிறகு கடிதம் எழுதியிருந்தார்.

இன்றைக்கு அவர் மாலை வைத்துக் கும்பிட்டுவிட்டு, ஏதோ கடனை அடைக்க வந்தவர்போல் அவளருகில் வந்தார்.

"அம்மா, ஒரு விஷயம் சொல்லணும். அன்னைக்கு நான் சொன்ன பேரை இப்ப யாரும் உபயோகிக்கிறதில்லை. முதல் வார்த்தை மரியாதைக் குறைவுன்னு எடுத்துட்டாங்க. நடுவுல ஆட்டிஸ்டிக் சாவன்ட்னு சொன்னாங்க. அது எல்லாருக்கும் பொருந்தலை. இப்ப வெளிநாட்டுல 'சாவன்ட் சிண்ட்ரோம்'னு எழுதறாங்க. இவங்க எல்லாரும் இப்ப அதுலதான் வருவாங்க."

"இவனும் அதுல வந்தாச்சா?"

"வந்தாச்சும்மா."

"நல்ல வேள. இருக்கையிலயே வந்துட்டான்."

டாக்டர் அவளை உற்றுப் பார்த்தார். கேலியா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவளுக்கும் சரியாகத் தெரியவில்லை. சட்டென்று நினைவு வந்து அவர் கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள்.

"டாக்டர், நீங்க டேப்புல பிடிச்சீகள்லா, அதுல ஒரு சின்னப் பொம்பளப்பிள்ள குரல் இருக்கா? அழாத ராசான்னு சொல்லுத மாதிரி?"

"அப்படி ஒண்ணும் ஞாபகமில்லையேம்மா. உங்க அம்மா குரல் இருந்தது, விளக்கு ஏத்தியாச்சான்னு."

"அத ஒருக்கா கேக்கணும். கொண்டாந்திருக்கீகளா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்ல, அந்தக் கேசட்டுல... பாப்பாவோட வீணை அரங்கேற்றத்தை எடுத்துட்டாங்க வீட்ல. வேற கேசட் கைக்கு அகப்படலைன்னு." கொஞ்சம் பொறுத்து, "நல்லா வாசிச்சா" என்றும் சேர்த்துக்கொண்டார்.

கோமதிநாயகத்துக்கு டாக்டர் அங்கே நின்றது பிடிக்கவில்லை. "சிண்ட்ரோம்னா வியாதின்னுல்லா அர்த்தம்? சித்தரப் போயி வியாதிங்கீகளே" என்றார். வியாதியில்லை, ஒரு நிலை என்றார் டாக்டர். நாங்களும் அதைத்தானே சொல்லுதோம், நிர்விகல்ப நிலை என்றார் தலைவர். இது மூளையின் இடது பாகத்தைப் பொறுத்தது என்றார் டாக்டர். அது இடகலை நாடி என்றார் தலைவர். பந்தலுக்குக் கீழே இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இருவரும் மோர் குடித்தபடி அவனைப் பங்கு பிரித்தார்கள். முற்றத்துப் பெஞ்சில் அவன் வாய்கட்டிப் படுத்திருந்தான்.

---

மத்தியானம் பங்காளிகள் நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்தார்கள். குளிப்பாட்டி, நீறு பூசி, கோடி வேட்டி போர்த்தினார்கள். சபை ஆட்கள் பின்வாசல் வழியாக ஒரு மர நாற்காலியைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார்கள். லாட்ஜ் ரிசப்ஷன் நாற்காலி. முதுகில் நம்பர் பெயிண்ட் அடித்திருந்தது. கோமதிநாயகம் குற்றாலிங்கத்தைப் பார்த்தார். குற்றாலிங்கம் மனைவியைப் பார்த்தார்.

"மச்சினனுக்கு ஒரு மரியாததான நெல்ல..." என்று ஆரம்பித்தார்.

"உக்காந்தா அவனுக்குத் தூக்கம் வராது" என்றாள் நெல்லையம்மாள். "படுத்துத்தான் தூங்குவான்."

"அம்மா, நாங்க சொல்லுதது அவரோட மகிமைய..." என்று கோமதிநாயகம் எழுந்தார்.

"அண்ணாச்சி, உங்கப்பா அன்னைக்கிச் சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கு. குரல் வராது. வார்த்த வரும்."

முற்றத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் நாலைந்து பேருக்கு ஒரே சமயத்தில் இருமல் வந்தது. நாற்காலி வந்த வழியே போயிற்று.

வாய்க்கரிசிக்குப் பெண்களைக் கூப்பிட்டார்கள். சவரத்தொழிலாளி இசக்கிப்பாண்டி குனிந்து உச்சி முடிச்சை அவிழ்த்தான். தாடை மெள்ள இறங்கி, வாய் விரலளவு திறந்தது. சுற்றி நின்ற கூட்டம் அரையடி பின்வாங்கிற்று. யாரும் யோசித்துச் செய்ததல்ல. கோமதிநாயகம் ஓரடி பின்வாங்கினார். செத்தவர் குரல்களைப் பேசினவன் இப்போது செத்தும் போயிருக்கிறான். யாரைப் பேசுவான் என்று யாருக்குத் தெரியும்?

நெல்லையம்மாள் மூன்று சுற்று வந்து அரிசியைப் போட்டாள். போட்ட பிறகும் நகரவில்லை. காதை அவன் வாய்க்கு வெகு அருகில் கொண்டுபோனாள். பின்னால் நின்ற சித்தி மகள், "பாவம், தம்பியக் கொஞ்சுதா" என்று மூக்கைச் சிந்தினாள். நெல்லையம்மாள் கொஞ்சவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தள்ளிக்கிடுங்கம்மா, நேரமாவுது" என்றான் இசக்கிப்பாண்டி.

சங்கு ஊதியது. பெரியப்பா பேரன் கொள்ளிச்சட்டி எடுத்தான். பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். எதிர்ச்சுவரில் பசை காயாத போஸ்டரை ஒரு வெள்ளாடு கீழிருந்து தின்றுகொண்டு வந்தது. கோமதிநாயகத்தை முடித்துவிட்டுப் பரிபூரணத்துக்கு வந்திருந்தது.

---

வீடு கழுவி, பெண்கள் கிணற்றடியில் ஒவ்வொருத்தியாகத் தலை முழுகிவிட்டு உள்ளே போனார்கள். நெல்லையம்மாள் கடைசி. ஈரச் சேலையோடு வாளியை வைத்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏ நெல்லை" என்று கூப்பிட்டார்கள்.

கதீஜம்மாள். பின்தெருக்காரி. ஆண்கள் கூடுகிற இடத்துக்கு வருவதில்லை. கிணற்றடிச் சுவரில் செங்கல் பெயர்ந்த ஓட்டை ஒன்று உண்டு. அது வழியாக இங்கிருந்து மோரும் வடுமாங்காயும் போகும். அங்கிருந்து கிண்ணம் மட்டும் கழுவித் திரும்பும். சைவ வீடு. இத்தனை வருஷத்தில் இருவரும் முகம் பார்த்துப் பேசினதைவிடச் சுவர் பார்த்துப் பேசினதே அதிகம்.

"போயிட்டானாட்டி நம்ம பய? சங்குச் சத்தம் கேட்டுது. வர முடியாம உள்ளுக்குள்ளேயே உக்காந்து அழுதுக்கிட்டிருந்தேன்."

"போயிட்டான்க்கா."

"நேத்தே எனக்கு ஏதோ சரியில்லன்னு தெரிஞ்சு போச்சு. அசர் தொழுதுட்டு எந்திரிக்கேன், அந்தக் குரல் கேக்குது. அல்லாவே, நெல்லைக்கு என்ன ஆச்சுன்னு பதறிட்டேன்."

நெல்லையம்மாள் ஓட்டையருகில் வந்தாள். "எந்தக் குரலு?"

"அதான், அழாத ராசா."

"உங்களுக்கு அது யாருன்னு தெரியுமா? அதத்தான் காலைல இருந்து ஒவ்வொருத்தியா கேட்டுட்டு இருக்கேன். யாருக்கா அந்தப் பிள்ள?"

சுவருக்கு அந்தப் பக்கம் தலைத்துணியை இழுத்துவிடும் சரசரப்பு மட்டும் கேட்டது.

"ஏ கிறுக்கி. நீதான."

நெல்லையம்மாள் ஓட்டையில் காதை வைத்தாள்.

"ஒன்னப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கி. அவனப் பிடிச்சு அரங்குல போட்டுப் பூட்டிட்டா ஒங்கம்மா. உள்ள கெடந்து முனகுதான். மாப்பிள்ளைக்கு அம்மா அது என்ன சத்தம்னு கேக்கப்போயி, கன்னுக்குட்டின்னுட்டாளாம் ஒங்கம்மா."

அது நெல்லையம்மாளுக்குத் தெரியும். வீட்டில் மாடே கிடையாது. கல்யாணமான மூன்றாம் மாசம் மாமியார், சீதனத்தில் அந்தக் கன்னுக்குட்டியைக் காணோமே என்று கேட்டதும், பிறகு விஷயம் தெரிந்து ராயகிரியே அதிர்ந்ததும் தெரியும். அந்த நாளில் அவளுக்கு ஞாபகமிருந்ததெல்லாம் அதுவும், பித்தளை டம்ளரின் சூடும், ஒரு ஜோடிக் காலும்தான். குற்றாலிங்கத்தின் கால்.

"காப்பி குடுத்துட்டு நீ ஓடியாந்த. கதவுக்குக் கீழ விரல விட்டுக்கிட்டு அவன்கிட்டச் சொன்ன. எங்க கொல்லைக்கு அரங்குப் பின்சுவத்து ஓட்ட வழியா கேட்டுது. நான் அப்பம் புதுப்பொண்ணு, எனக்கு அழுகையா வந்துச்சு. பெறவு நீ ராயகிரி போயிட்ட. போன அன்னைக்கிச் சாயங்காலம் ஆரம்பிச்சான். அழாத ராசா, நான் எங்கயும் போவ மாட்டேன். தினம் அதான். தனக்குத்தானே சொல்லிக்கிட்டு, தானே அடங்கிக்கிடுவான். மழைக்காலம்னா ரெண்டு தடவ சொல்லுவான். ஒங்கம்மா மவுத்தாகி நீ இங்கனயே வந்துட்ட பாரு, அன்னையோட நிறுத்திட்டான். அப்புறம் நேத்துத்தான்."

"எங்கிட்ட ஒருநாளும் சொல்லலையேக்கா."

"ஒனக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன். ஒன் குரல் ஒனக்குத் தெரியாதா?"

வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை நெல்லையம்மாள் காலில் ஊற்றிக்கொண்டாள். "நான் கஞ்சி எடுக்கத்தான் போனேன்" என்றாள். "அடுக்களைக்குத்தான் போனேன்க்கா. உடனே வந்துட்டேன்."

"அவனுக்குக் கண்ணு மங்கியிருக்கும்ட்டி" என்றாள் கதீஜம்மாள்.

---

சுடுகாட்டிலிருந்து திரும்பின குற்றாலிங்கம் குளித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். கோமதிநாயகம் கடைசி வரை நின்று, சிதை பற்றினதும் சுயம்புவின் பெருமைகளைப் பற்றிப் பேசினாராம். டாக்டரும் பேசினாராம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மைக்செட்டாம்.

நெல்லையம்மாள் 'உம்' கொட்டிவிட்டு அரங்குக்குப் போனாள். பாயைச் சுருட்டியாயிற்று. தரை ஈரம் காய்ந்திருந்தது. நேற்று வைத்த கஞ்சிக் கிண்ணம் மூலையில் ஆடை படிந்து கிடந்தது; இத்தனை பேர் கழுவிய வீட்டில் அது ஒருத்தி கண்ணிலும் படவில்லை. அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்தினாள்.

பழைய தேக்குக் கதவு. அடிப்பக்கம் தேய்ந்து தரைக்கும் அதற்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. தினமும் விளக்குமாறு மோதுகிற இடம்தான், குனிந்து பார்த்ததில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். முழங்கால் மடங்க நேரமாயிற்று. ஒருபக்கமாகச் சாய்ந்து, வலது கைச் சுட்டுவிரலைச் சந்துக்குள் விட்டாள். முதல் கணுவரை போயிற்று. இரண்டாம் கணு இடித்தது. அந்த வயசில் மெலிந்த கையாக இருந்திருக்கும். விரலை வேறு பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள். அதற்குமேல் போகவில்லை. உள்ளே தரை குளிர்ந்திருந்தது.

பட்டாசல் கூடத்தில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அம்மா கேட்கும் நேரம் வந்து, தாண்டிப் போயிற்று.

"ஏட்டி நெல்ல," என்று முன்னாலிருந்து குற்றாலிங்கம் கூப்பிட்டார். "இருட்டிட்டே. வெளக்கு ஏத்தலயா?"

"இன்னா வாரேன்" என்றாள்.

விரலை எடுக்கவில்லை.